சிங்கம் இல்லாத காசு

குமுளியில் ஒருவருக்கு விசித்திரமான காசு கிடைத்துவிட்டால் முதலில் அவர் செல்போனில் வீடியோ பார்ப்பார். அதில் பத்து லட்சம் என்பார்கள். மறுநாள் அவர் மொக்கையனைத் தேடி வருவார். பத்து லட்சத்தோடு வந்த ஆள் பத்தே நிமிடத்தில் ஐந்து ரூபாயோடு திரும்பிப் போவார். இதனால் மொக்கையனுக்கு ஊரில் மரியாதை உண்டு, சிநேகிதர்கள் குறைவு.

மொக்கையனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜோபி என்பவரின் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை. சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரு குவியல், அதற்குக் கீழ் ஒரு குவியல், வெடித்த காய் தனி, வண்டு துளைத்த காய் தனி என்று நாள் முழுவதும் பழுதுள்ளதைத் தள்ளிக்கொண்டே இருப்பார். கடையை விட்டு இறங்கியதும் பழுதுள்ளதைத் தேட ஆரம்பித்துவிடுவார். படம் ஒரு பக்கமாக விலகி அடிபட்ட காசு, ஓரத்தில் கடித்தெடுத்தது போல் பிறை விழுந்த காசு, ஒரு பக்கம் எழுத்தே விழாமல் மொழுக்கென்று வந்த காசு. நாணயச் சாலையில் கை தவறியதெல்லாம் அவருக்குப் பொக்கிஷம். "பகல்ல பூரா குத்தம் பாக்குற மனுசன், பொழுது சாஞ்சா குத்தத்தையே கட்டிக்கிட்டு அழுறாரு" என்பாள் அவர் மனைவி சிவசங்கரி.

அந்தப் பழுதுகளுக்கெல்லாம் ராஜா ஒன்று உண்டு. காசுக்கு முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு. வேலையாள் அசந்து, ஒரு ரூபாயின் அச்சோடு வேறொரு காசின் அச்சை ஜோடி மாற்றிப் பூட்டிவிட்டால் பிறக்கிற காசுக்கு மியூல் என்று பெயர். மியூல் என்றால் கோவேறு கழுதை. அப்பன் கழுதை, ஆத்தாள் குதிரை. பதினைந்து வருஷம் சில்லறையைக் கிளறியும் மொக்கையன் கையில் ஒரு கோவேறு கழுதைகூட அகப்படவில்லை.

போலிகள் மட்டும் நிறைய அகப்பட்டன. இரண்டு காசை அறுத்து, பாதியும் பாதியும் ஒட்டி, மியூல் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அவர் மூன்று சோதனை வைத்திருந்தார். காசைத் தராசில் வைப்பார். விளிம்பின் உட்பக்கம் நகத்தை ஓட்டுவார். ஒட்டுக்காசு என்றால் கோடு தட்டும். கடைசியாக, கடை வாசலில் கிடக்கும் கருங்கல்லில் ஒரு முழ உயரத்திலிருந்து போட்டுச் சத்தம் கேட்பார். ஒரே துண்டான காசு கணீரென்று பாடும். ஒட்டுக்காசு 'டொக்' என்று விழும். "படம் பொய் சொல்லும். வாய் அத விடப் பெரிய பொய் சொல்லும். கல்லு சொல்லாது" என்பார்.

இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் முப்பத்திரண்டு பேர் சேர்ந்து செல்போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் 'பார்த்த காசு' என்று ஒரு பட்டியல். அதற்குச் சட்டம் எழுதியவர் நம்ம ஆள்தான். காசுக்காரர் சொன்னால் மட்டும் போதாது. காசுக்குச் சொந்தமில்லாத இன்னொருவர் கையில் வாங்கிச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். போட்டோ சாட்சியாகாது. அப்படிப் பார்த்தவர் பெயரும் பட்டியலில் ஏறும், ஒரு முறை ஏறிய பெயரை அழிக்கக் கூடாது. கடவுளே வந்தாலும் இதுதான் சட்டம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்.

அந்தச் சட்டத்தில் முதலில் அடிபட்டவர் குப்பண்ணன். பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். இரண்டு பக்கமும் சிங்கம் உள்ள காசு ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி, பொத்திப் பொத்தி எடுத்துக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறிக் குமுளி வரை வந்தார். நாலு பேர் பார்க்க மொக்கையன் அதைக் கல்லில் போட்டார். டொக். குப்பண்ணன் ஆர்டர் செய்த டீயைக் குடிக்காமலே பஸ் ஏறிவிட்டார். மொக்கையன் சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு மனிதனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம். பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடித்துவிட்டு மீதிச் சில்லறை வாங்கினார் மொக்கையன். பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு காசில் கட்டைவிரலை உயர்த்திய கை. நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய ஒரு ரூபாய்தான். திருப்பினால் மூன்று சிங்கம் இருக்க வேண்டும். இல்லை. அங்கே இரண்டு விரலை நீட்டிய இன்னொரு கை, இரண்டு ரூபாய் என்ற எழுத்து. பெரிய காசின் படம் சின்னக் காசில் அடங்காமல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. சிங்கமே இல்லாத காசு.

உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார், சரியாக இருந்தது. நகத்தை ஓட்டினார். கோடு தட்டவில்லை. இனிக் கல் ஒன்றுதான் பாக்கி. காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடையை நோக்கி நடந்தார், நடந்தார் என்ன, ஓடினார். ஓடிக்கொண்டே குழுவுக்கு ஒரே ஒரு வார்த்தை பேசி அனுப்பினார்: "கெடச்சிருச்சு." கடை வாசலில், கல்லுக்கு நாலடி தூரத்தில், நெஞ்சில் யாரோ உரலைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. அப்படியே உட்கார்ந்தார். ஜோபி அவரை ஜீப்பில் தூக்கிப் போட்டு மலை இறங்கித் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் கண்ணும் நினைப்பும் தெளிந்தபோது முதலில் கேட்டது, "என் சட்டைப் பையில இருந்த காசு எங்க?"

"உசுரு வந்ததே பெருசுன்னு உக்காந்திருக்கேன், இவுகளுக்குக் காசு" என்றாள் சிவசங்கரி. "ஆஸ்பத்திரியில கவர்ல போட்டுக் குடுத்தாக. டீ குடிக்கச் செலவழிச்சுட்டேன்."

மொக்கையன் அழுதே விட்டார். நடக்க முடிந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்குப் போய், கல்லாவில் இருக்கிற ஒரு ரூபாய்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கேன்டீன்காரர் நெஞ்சு வைத்தியத்துக்கு வந்தவரா, தலை வைத்தியத்துக்கு வந்தவரா என்று விசாரித்தார்.

குழுவில் நடந்ததுதான் அதைவிட மோசம். குப்பண்ணன் நலம் விசாரித்தார், முறையாகத்தான் விசாரித்தார். அடுத்த வரியில், "ஏனுங்க, கெடைச்ச காசு எங்கீங்க? கல்லுல போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். மொக்கையன் கையில் காசு இல்லை, பார்த்த சாட்சி இல்லை, கல்லிலும் போடவில்லை. அதற்குப் பிறகு யாராவது குழுவில் பெருமை பேசினால் மற்றவர்கள் அவருடைய பழைய குரலை எடுத்துப் போட்டார்கள். "கெடச்சிருச்சு." பத்துப் பேர் சிரிப்பார்கள்.

எல்லோருடைய ஆசையிலும் மண் போட்டவன் கடைசியில் தானே ஒரு கதை கட்டிவிட்டான் என்று ஊர் பேசியது. வீட்டில் சிவசங்கரி கேலி செய்யவில்லை, அனுதாபப்பட்டாள். "மயக்கம் வர்றதுக்கு முன்னாடி கண்ணுக்கு என்னென்னமோ தெரியுமாம், டாக்டரே சொன்னாரு" என்றாள். அது கேலியைவிடக் கூடுதலாகக் குத்தியது. நாளாக ஆக மொக்கையனுக்கே சந்தேகம் வந்தது. அப்படி ஒரு காசை நான் பார்த்தேனா? பார்த்தாலும் ஒட்டுக்காசாக இருந்தால்? கடைசியில் காசு பார்ப்பதையே நிறுத்தினார். யாராவது கொண்டுவந்தால், "என் வாக்கே செல்லல. ஒங்க காசு செல்லுமான்னு நான் எப்பிடிச் சொல்ல" என்று திருப்பி அனுப்பினார். கருங்கல்லின் மேல் ஜோபி மிளகு மூட்டையை அடுக்கிக்கொண்டார்.

இந்தத் தை மாதம் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, இனி மெதுவாகப் படியேறலாம் என்றார். சிவசங்கரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள்போல், வருகிற வெள்ளிக்கிழமை சாந்தன்பாறைக்குப் போக வேண்டும் என்றாள். அவள் பிறந்த இடம் அது. அங்கே ஏலத்தோட்டத்துக்கு மேலே ஒரு பாறையடியில் காளியம்மன் இருக்கிறாள். நூற்று முப்பத்தாறு படி.

காலையில் குமுளியில் பஸ் ஏறி, நெடுங்கண்டத்தில் மாறி, படியடிவாரத்துக்கு வந்தபோது மணி பதினொன்று. கீழே செருப்பைக் கழற்றும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நேந்துக்கிட்டேன். பொழச்சு வந்தா, சொந்தக் கால்ல படியேறி வரச் சொல்லி, முடிஞ்ச காசக் கொண்டாந்து செலுத்துறேன்னு."

"மூணு வருசமா ஒரு வார்த்த சொல்லல?"

"யாருக்கு நேந்தமோ அவுகளுக்குச் சொல்லக் கூடாது. செலுத்துற அன்னைக்குத்தான் சொல்லணும்."

அந்த வழக்கம் அவருக்கும் தெரிந்ததுதான். வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று ஆணியில் தொங்குவதைத் தினமும் பார்த்திருக்கிறார். எந்தப் பெண் எதற்கு முடிந்தது என்று ஆம்பளை கேட்கிற வழக்கமில்லை, கேட்டதில்லை.

மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். ஒவ்வொரு தடவையும் சிவசங்கரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மேலே பூசாரி பாண்டி காத்திருந்தான். செவ்வாயும் வெள்ளியும் பூசாரி, மற்ற நாளெல்லாம் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன். அம்மனுக்கு முன்னால் சூலம். சூலத்தடியில் பாறையிலேயே குடைந்த ஆழமான குழி. அதற்கு மேல் இரும்புக் கம்பி போட்ட மூடி. நேர்ந்து முடிந்த காசை உண்டியலில் போடுவதில்லை, அந்தக் குழியில்தான் போட வேண்டும். குழிக் காசை யாரும் எடுக்க மாட்டார்கள். நிறைந்தால் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டு வேறு குழி வெட்டுவார்கள். பக்கத்திலேயே அப்படிப் பூசிய குழி ஒன்று இருந்தது.

பாண்டி கற்பூரம் ஏற்றினான். சிவசங்கரி முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். துணியைச் சூலத்தில் சுற்றினாள். காசை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மொக்கையன் அவளுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தார். கும்பிடத்தான் நின்றார். ஆனால் கண் காசுக்குப் போயிற்று. அந்தக் கண்ணை என்ன செய்வது. இரண்டு விரல் நீட்டிய கை. இரண்டு ரூபாய். ஆனால் காசு இரண்டு ரூபாய் அளவுக்கு இல்லையே. ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதே.

"சிவசங்கரி, நில்லு. அதத் திருப்பு."

"என்னத்தங்க?"

"காச. மறுபக்கம் காட்டு."

அவள் திருப்பினாள். உயர்த்திய கட்டைவிரல். மொக்கையன் தன்னை அறியாமல் கையை நீட்டினார். அவள் சட்டென்று விரல்களை மூடி, கையை மார்போடு வைத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. ஒங்க தலையச் சுத்தி முடிஞ்சது. நீங்க தொட்டா அந்த நோவு அம்புட்டும் ஒங்ககிட்டயே திரும்பி வரும்."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. "இது எங்க எடுத்த காசு?"

"அந்தக் கவர்ல இருந்துதான். எங்கிட்ட எல்லாம் நோட்டா இருந்துச்சு. முடியுறதுக்கு ஒத்த ரூவா வேணும்ல."

"செலவழிச்சுட்டேன்னு சொன்ன."

"மத்த காசுக்கு டீ குடிச்சேன். இது சாமி காசு. சாமி காச நம்ம காசுன்னு யாராச்சும் சொல்லுவாகளா?"

மூன்று வருஷமாக அது அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவர் தன் கண்ணையும் புத்தியையும் சந்தேகப்பட்டிருக்கிறார். மொக்கையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொடல. நீ பாரு. ஒரு பக்கம் என்ன இருக்கு, சொல்லு."

"கட்டவெரலு. ஒத்த ரூவா."

"மறுபக்கம்?"

அவள் திருப்பினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள், மறுபடியும். அவள் முகம் மாறிக்கொண்டே வந்ததை மொக்கையன் பார்த்தார்.

"ரெண்டு வெரலு" என்றாள் மெதுவாக. "ரெண்டு ரூவான்னு போட்டிருக்கு. சிங்கத்தக் காணோம்."

"விளிம்புக்கு உள்பக்கமா நகத்த வச்சு ஒரு சுத்துச் சுத்து. எங்கயாச்சும் தட்டுதா?"

"தட்டல."

"நல்லாப் பாரு. ரெண்டு பக்கமும்."

"தட்டலங்க. வழுவழுன்னு போகுது."

அப்போதுதான் இன்னொன்று அவர் கண்ணில் பட்டது. "அது ஏன் அப்பிடி மினுங்குது?"

"பெறகு? ஆஸ்பத்திரிக் காசு, தீட்டோட சாமிக்கு முடியலாமா? கேன்டீன்ல புளியும் கல்லுப்பும் வாங்கி, கால் மணி நேரம் தேச்சுத்தான் முடிஞ்சேன்."

மொக்கையன் படியில் உட்கார்ந்துவிட்டார். காசு சேர்க்கிறவர்கள் காசை விரல் நுனியால் ஓரத்தில்தான் பிடிப்பார்கள். பஞ்சால்கூடத் துடைக்க மாட்டார்கள். தேய்த்த காசுக்குப் பாதி விலைகூட வராது. பட்டுச் சேலையைத் துவைக்கிற கல்லில் அடித்த கதை. பதினைந்து வருஷத் தவத்துக்கு வந்த வரத்தை இவள் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறாள்.

சிவசங்கரி அவர் முன்னால் குனிந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஏங்க. நான் ஒங்கள நம்பலங்க. ஊரே சிரிச்சப்ப நானும் மனசுக்குள்ள பாவம், மூள கொழம்பிப் போச்சுன்னுதான் நெனச்சேன். வேற ஒரு ரூவாய ஒங்க தலையச் சுத்தி நான் இப்பப் போட்டுர்றேன். இத நான் முந்தானையில முடிஞ்சு கொண்டாறேன், நீங்க தொட வேணாம். அந்த வடகரப்பதியாளு கையில குடுத்துப் பாக்கச் சொல்லுங்க. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

"மாத்துறதுன்னா இப்பவே சொல்லிருங்கண்ணே" என்றான் பாண்டி. "கற்பூரம் அணையப் போகுது."

மொக்கையனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. குப்பண்ணன் அந்தக் காசைக் கல்லில் போட்டுப் பார்ப்பதும், குழுவே வாயை மூடிக்கொள்வதும் கண் முன்னால் வந்து போயின. ஒரு தலையசைப்பு போதும்.

ஆனால் சொன்னது யார்? பூனை குறுக்கே போனால் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவள். அவர் தும்மினால் திருநீறு பூசுகிறவள். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, கேன்டீன் குழாயடியில் உட்கார்ந்து ஒரு ரூபாயைக் கால் மணி நேரம் தேய்த்தவள். அவள் இப்போது அவருடைய பேருக்காகச் சாமிக்குச் சொன்ன சொல்லை மாற்றத் தயாராக நிற்கிறாள். வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொரு முறை அவர் இருமும்போதும் இவள் செத்துச் செத்துப் பிழைப்பாள். ஊராருடைய ஆசைகளுக்கெல்லாம் கூசாமல் விலை சொன்ன மொக்கையனுக்கு இதற்கு விலை சொல்லத் தெரியவில்லை.

"போடு" என்றார்.

"ஏங்க..."

"நேந்தது நேந்ததுதான். போடு. ஒரு முழம் மேல இருந்து போடு."

எதற்கு ஒரு முழம் என்று அவள் கேட்கவில்லை. கையை உயர்த்தி, கம்பிகளுக்கு நடுவே காசை விட்டாள்.

பாறையில் பட்டது. கணீரென்று ஒரு சத்தம். துள்ளி மறுபடி பட்டது, இன்னொரு கணீர். பிறகு உருண்டு, மற்றக் காசுகளோடு சேர்ந்து அடங்கியது. மொக்கையன் தலையைச் சாய்த்து அந்தச் சத்தம் முழுக்கத் தீரும்வரை கேட்டார். ஒரே துண்டு. ஒட்டில்லை. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த உரலை யாரோ எடுத்துக் கீழே வைத்ததுபோல் இருந்தது. பாண்டி நீட்டிய தட்டிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு, "வா, போவோம்" என்றார்.

கீழே டீக்கடையில் உட்கார்ந்ததும் சிவசங்கரி அவர் செல்போனை வாங்கினாள். "அந்தக் குரூப்ப எடுத்துக் குடுங்க. நான் பேசணும்."

"சிரிப்பாங்க. வேணாம்."

"சிரிக்கட்டும். எடுத்துக் குடுங்க."

கொடுத்தார். அவள் போனை வாயருகே வைத்துக்கொண்டு, சந்தையில் சண்டைக்குப் போகிறவள் மாதிரி ஆரம்பித்தாள்.

"நான் மொக்கையன் சம்சாரம் சிவசங்கரி பேசுறேன். எல்லாரும் கேளுங்க. எங்க வீட்டுக்காரரு மூணு வருசம் முன்ன கெடச்சிருச்சுன்னு சொன்ன காசு பொய் இல்ல. இன்னைக்கு என் கையில இருந்துச்சு. ஒரு பக்கம் கட்டவெரலு, ஒரு பக்கம் ரெண்டு வெரலு. ஆஸ்பத்திரியில நான்தான் தெரியாம சாமிக்கு முடிஞ்சுட்டேன். புளியும் கல்லுப்பும் போட்டு நல்லாத் தேச்சு, மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சிருந்தேன். நகத்த வச்சுச் சுத்திப் பாத்தேன், தட்டல. பாறையில போட்டேன், கணீருன்னுச்சு. இப்பக் காளியம்மன் குழியில கெடக்கு, யாரும் எடுக்க முடியாது. அவ்வளவுதான். இனிமே யாரும் அவர் குரலப் போட்டுச் சிரிக்காதீங்க."

அனுப்பிவிட்டுப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். டீ வந்தது. மொக்கையன் ஆறவிட்டுக் குடித்தார். பாதி டீயில் போன் சத்தம் போட ஆரம்பித்தது. திருப்பிப் பார்த்தார். யாரோ ஒருவர், "புளியா?" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "கல்லுப்பா?" என்று. அதன் கீழே தலையில் அடித்துக்கொள்கிற முகம், கண்ணீர் விடுகிற முகம், வரிசையாகப் பதினெட்டு. இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது குழு.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்றாள் சிவசங்கரி.

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. குப்பண்ணன். மொக்கையன் ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஏனுங்க மொக்கையண்ணே, அம்மிணி பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன், சொல்லுங்க" என்றாள் அவள்.

"ஏனுங்க அம்மிணி, நெசமாலுமே புளி போட்டா தேச்சீங்க?"

"ஆமா. சாமிக்கு முடியுறத அழுக்கோடயா முடிவாக?"

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "என்ற வயித்துல நெருப்பு வெச்சுட்டீங்க. அண்ணே, கேக்கறீங்களா? நான் நம்பறனுங்க. பொய் சொல்றவன் காசோட மதிப்ப ஏத்தித்தான் சொல்லுவான். காசு சேக்கறவன் எவனும் புளி போட்டுத் தேச்சேன்னு ஒரு பொய்யக் கனவுல கூடச் சொல்ல மாட்டானுங்க. நாக்கு வராது."

மொக்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு உங்க கல்லுல என்ற காசு டொக்குன்னுச்சு பாருங்க, அந்த ரோசந்தானுங்க இத்தன நாளு. தப்பா நெனைச்சுக்காதீங்க."

"தப்பு என் மேலயுந்தான் குப்பண்ணே" என்றார் மொக்கையன். "ஒங்கள உள்ள கூப்புட்டு வச்சுச் சொல்லியிருக்கணும். நாலு பேரு முன்னால போட்டிருக்கக் கூடாது."

குப்பண்ணன், "செரி, பட்டியல்ல ஏத்தீருவமா?" என்றார்.

"ரூல் இருக்குல்ல. சொந்தக்காரன் சொன்னா செல்லாது."

"நீங்க எங்கீங்க சொந்தக்காரரு? காசு இப்ப அம்மனோடதுங்க. கையில வாங்கிப் பாத்து, நகம் வெச்சு, கல்லுல போட்டவங்க அம்மிணி. ரூலு ரைட்டாத்தான் இருக்குது."

அவர் போனை வைத்த இரண்டாவது நிமிடம் பட்டியலில் புது வரி ஏறியது. மொக்கையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவிக்கு வாசித்துக் காட்டினார். 'மியூல். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். சிங்கம் இல்லை. இருக்குமிடம்: காளியம்மன் குழி, சாந்தன்பாறை. கையில் வாங்கிப் பார்த்தவர்: சிவசங்கரி, குமுளி.'

"ஏன் என் பேரு? ஒங்க பேரப் போடச் சொல்லுங்க."

"நான்தான் தொடலையே."

"அதுக்கு? கண்டுபிடிச்சது நீங்க. அழிச்சிட்டு மாத்தி எழுதச் சொல்லுங்க."

"அழிக்க முடியாது. ஒரு தடவ ஏறுன பேர அழிக்கக் கூடாதுன்னு ரூல்."

"எந்தக் கூறு கெட்டவன் போட்ட ரூலு அது?"

"நான்தான்" என்றார் மொக்கையன்.

சிவசங்கரி சிரித்தாள். பஸ் வருகிற சத்தம் கேட்டது. டீக்காரர் கொடுத்த மீதிச் சில்லறையை வாங்கிப் பர்ஸில் போடப் போனவள், நின்று, ஒவ்வொரு காசாகத் திருப்பி அடுத்த பக்கத்தையும் பார்த்துவிட்டுப் போட்டாள்.